எல்சியின் கன்னம்

செய்தி வந்தபோது தனப்பிரியாவின் இரண்டு கைகளிலும் வெங்காயத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலில் அவளும் மாமியார் சௌந்திரமும் எதிரெதிரே அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து, காட்டிலிருந்து பிடுங்கி வந்து காயப்போட்டிருந்த சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மடியில் கிடந்த போன் ஒரு தடவை அதிர்ந்து, வெளிச்சம் காட்டி, அணைந்தது. அதற்குள் அவள் படித்தது ஒரே வரி. "வாழ்த்துகள், இந்த வேலைக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்."

அவள் கை நிற்கவில்லை. ஒரு கொத்து, இன்னொரு கொத்து என்று அறுத்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் நெஞ்சுக்குள் யாரோ கன்றுக்குட்டியை அவிழ்த்து விட்டதுபோல் இருந்தது. அது எந்தப் பக்கம் துள்ளி ஓடும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏஞ்சாமி மூஞ்சி இப்பிடிச் செவந்து கெடக்குது? காய்ச்சலடிக்குதா?" என்றாள் சௌந்திரம்.

"வெங்காயம் காரமுங்க அத்தை."

"காரத்துக்குக் கண்ணுல தண்ணி வரும். பல்லுமா தெரியும்?"

தனப்பிரியா உதட்டை மூடிக்கொண்டாள். சந்தோஷத்தை மூடி வைப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது, அவள் அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயில் சர்க்கரை போட்டாள். புதுத் துணி எடுத்தால் ஓரத்தில் மஞ்சள் தடவாமல் உடுத்தியதில்லை. யாராவது "நல்லா இருக்கறயே" என்றால் உடனே தலைவலியையோ இடுப்பு வலியையோ எடுத்துக் காட்ட வேண்டும். நல்லது நடந்தால் அதன்மேல் கொஞ்சம் அழுக்குப் பூசித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அவளுக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகியிருந்தது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல எழுந்து, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று முழுவதையும் படித்தாள். படித்து முடித்து மறுபடி மேலிருந்து படித்தாள். நியூசிலாந்தில் ஏதோ ஒரு சிறிய ஊர். மேகன் என்ற பெண், குழந்தைகளை மட்டுமே படம் எடுப்பவள். எல்சி என்ற ஆறு மாதக் குழந்தையின் படங்களைத் துப்புரவு செய்து தர வேண்டும். அது பிடித்திருந்தால் இனிமேல் வாரா வாரம் அவளுடைய வேலையெல்லாம் தனப்பிரியாவுக்கு.

பசுமாடு திரும்பிப் பார்த்தது. அதனிடம்கூட அவள் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் நாமக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை நெற்றியில் வழியும் வேர்வையைத் துடைப்பது, பந்திப் படத்தில் இலைமேல் உட்கார்ந்திருக்கும் ஈயை எடுப்பது, கோபித்துக்கொண்டு வராமல் போன சித்தப்பாவை வேறொரு படத்திலிருந்து வெட்டி வந்து குடும்பத்தோடு நிறுத்துவது எல்லாம் அவள் கைவேலைதான். எருமப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும், பஸ் நேரம் ஒத்துவரவில்லை, பிறகு பாப்பா பிறந்தாள், பிறகு "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லிச் சொல்லி அந்தக் கொஞ்ச நாள் போய்க்கொண்டே இருந்தது. கணவன் தமிழரசு கோழித் தீவன மில்லில் சூப்பர்வைசர். சேலத்தில் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வந்து, "சும்மா பழகிக்கிட்டு இரு" என்று கொடுத்தான். ஸ்டுடியோவில் கூட வேலை பார்த்த மலர்விழி இப்போது வாழப்பாடியில் இருந்துகொண்டு யார் யாருக்கோ லோகோ வரைந்து தருகிறாள். அவள்தான் போனிலேயே வழி சொல்லி வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் இந்த இணையதளத்தில் கணக்குத் தொடங்க வைத்தாள்.

தன்னைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் தனப்பிரியா முதலில் எழுதியது, "பொறுமையும் பணிவும் உள்ளவள், சொன்னபடி கேட்பேன்."

"அடியே, பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட சொல்ற மாதிரி எழுதி வெச்சிருக்க! என்ன வேலை தெரியும்னு எழுதுடி" என்று மலர்விழி கத்தினாள்.

அழித்துவிட்டு வேறு எழுதினாள். மாசியில் விண்ணப்பிக்க ஆரம்பித்தவளுக்குச் சித்திரை வந்தும் ஒருவரும் பதில் போடவில்லை. கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. மேகனுடைய விளம்பரத்தைப் பார்த்த அன்று மட்டும் அவள் பழைய வரிகளைத் திரும்ப ஒட்டவில்லை. மேகன் போட்டிருந்த மாதிரிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள். "உங்கள் படங்களில் குழந்தைகளின் மணிக்கட்டு மடிப்பைக்கூட யாரோ துடைத்துவிட்டிருக்கிறார்கள். பொம்மைக்கைபோல் இருக்கிறது. நான் செய்தால் மடிப்பைத் தொட மாட்டேன்."

அனுப்பிய பிறகு, அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டோமோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த வரிக்குத்தான் வேலை கிடைத்திருக்கிறது.

மத்தியானம் தமிழரசு சாப்பிட வந்தபோது ரசத்தை ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "ஏனுங்க, கெடைச்சுருச்சுங்க."

"என்னது?"

"வேலை."

"யாரு, அந்தக் கைமடிப்புக்காரியா?" அவன் சத்தமாகவே சிரித்தான். 

"மெதுவாங்க. அத்தைக்குக் கேக்குது."

"கேட்டா என்ன? திருட்டுக் கோழியா புடிச்சுட்டு வந்த?"

"மொத வேலை நல்லபடியா முடியட்டுங்க. அவிய நல்லா இருக்குதுன்னு எழுதட்டும். அதுக்கப்பறம் சொல்லிக்கலாம்."

"அந்த நாட்டுல மனுசரைக் காட்டியும் ஆடு ஜாஸ்தியாமா. ஆட்டுக்கும் மூஞ்சி தொடைச்சு உடோணுமான்னு இப்பவே கேட்டுக்க."

அவன் கேலி செய்தாலும் விஷயம் அவனுக்கும் தெரியும். அந்தத் தளத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வேலை கொடுத்தவர் என்ன எழுதுகிறாரோ, எத்தனை நட்சத்திரம் போடுகிறாரோ, அதுதான் எல்லாம். அது நன்றாக இருந்தால் அடுத்தவர் திரும்பிப் பார்ப்பார். முதலிலேயே கறை விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை விண்ணப்பம் போட்டாலும் கிணற்றுக்குள் கல்தான். தனப்பிரியாவுக்கு இந்த வேலை வேண்டும். ஏன் இவ்வளவு வேண்டும் என்று யோசித்தபோது, சம்பளம்கூட இரண்டாவதாகத்தான் வந்தது. தன் கை இன்னும் தன்னிடம் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும் என்று தோன்றியதால், தமிழரசுவிடம் அப்பளம் வேண்டுமா என்று கேட்டாள்.

மறுநாள் பாப்பாவைப் பால்வாடியில் விட்டுவிட்டு வந்து, சௌந்திரம் காட்டுக்குக் கிளம்பியதும், கதவை ஒருக்களித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். மேகன் தெளிவாக எழுதியிருந்தாள். தற்காலிகமானதை எடுத்துவிட வேண்டும். நகக் கீறல், எச்சில், பால் தடிப்பு, உரியும் தோல். நிரந்தரமானதைத் தொடக் கூடாது. மச்சம், குழி, தழும்பு.

முதல் படத்தைத் திறந்ததும் திரை முழுக்க எல்சி சிரித்தாள். பல் இல்லாத சிரிப்பு. ஈறெல்லாம் தெரிந்தது. தலையில் முடி இருக்கிறதா இல்லையா என்று பட்டிமன்றம் வைக்கலாம். தாடையில் எச்சில் மினுங்கியது, மூக்கோரத்தில் தானே பிறாண்டிக்கொண்ட கீறல். தனப்பிரியா தன்னை அறியாமல் "அடியே தங்கம்" என்றாள்.

பிறகு அவள் எல்சியின் இடது கன்னத்தைப் பார்த்தாள். கருப்பாக, வட்டமாக, மிளகளவுக்கு ஒரு பொட்டு.

திருஷ்டிப் பொட்டு! அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் பாப்பாவுக்கும் அதே கன்னத்தில்தான், அதே இடத்தில்தான், தினமும் காலையில் மை வைத்து அனுப்புகிறாள். கடல் தாண்டி, மலை தாண்டி, ஆடுகள் மேயும் ஏதோ ஓர் ஊரில் இன்னொருத்தியும் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டி, துடைத்து, கன்னத்தில் விரலை ஒற்றி எடுக்கிறாள்! அங்கேயும் கண் படும். அங்கேயும் ஒரு தாய் பயப்படுகிறாள். வெள்ளைக்காரர்கள் இதெல்லாம் செய்வார்களா என்று ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. ஏன் செய்ய மாட்டார்கள், அம்மா என்றால் எல்லா ஊரிலும் அம்மாதானே என்று அவளே அதை உட்கார வைத்துவிட்டாள். அடுத்தடுத்த படங்களிலும் பொட்டு இம்மி விலகாமல் அதே இடத்தில் இருந்தது. கைப்பழக்கம் உள்ளவள் என்று அந்தத் தாயை மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

ஸ்டுடியோவில் இந்தப் பொட்டை எடுப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் பிறந்தநாள் ஆல்பத்துக்கு, "பொட்டை எடுத்துருங்க, புள்ள மொகம் பளிச்சுனு தெரியட்டும்" என்பார்கள். எடுத்துக் கொடுத்தால், ஆல்பத்தை வாங்கிய கையோடு கண்மையைத் தொட்டு அட்டைமேலே ஒரு பொட்டு வைத்துக்கொண்டு போகிற அம்மாக்களும் உண்டு. மை என்றால் குளித்தால் போய்விடுவது. மேகனின் கணக்கில் அது தற்காலிகம்.

கீறலை எடுத்தாள். எச்சிலை எடுத்தாள். மணிக்கட்டு மடிப்பைச் சொன்ன சொல்படி தொடவில்லை. பொட்டை மிக அழகாக எடுத்தாள். கன்னத்தின் சிவப்பும் மெல்லிய பூனை முடியும் விட்டுப்போகாமல், அங்கே ஒன்று இருந்ததே தெரியாதபடி. தன் கை தன்னிடம்தான் இருக்கிறது என்று தெரிந்தது. நேரம் போனதே தெரியவில்லை. பால்வாடி விடும் நேரத்துக்கு ஓட்டமாக ஓடினாள்.

படங்களை அனுப்பியதும் மேகனிடமிருந்து உடனே பதில். "முதல் படத்தில் கைகளை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்த மடிப்புகள்! எல்லாவற்றையும் அப்படியே எல்சியின் அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்."

அன்று சாயங்காலம் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடினாள். 

"கம்முனு இருக்கறவ பாட்டுப் பாடறா. மழை வருதோ என்னமோ, வெங்காயத்தை உள்ள எடுத்துப் போடோணும்" என்று சௌந்திரம் வானத்தைப் பார்த்தாள்.

காலையில் பாப்பாவைப் பால்வாடிக்குள் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டும்போது அடுத்த செய்தி வந்தது. வேப்பமரத்தடியில் நின்று திறந்தாள். இந்த முறை வாழ்த்து இல்லை.

"தனா, எல்சியின் மச்சம் எங்கே? நிரந்தரமானதைத் தொடக் கூடாது என்று எழுதியிருந்தேனே. அவள் அம்மா படங்களைத் திறந்து பார்த்துவிட்டு அழுதிருக்கிறாள். குழந்தை பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் அதை எப்போது எடுக்கப்போகிறாய் என்றுதான் கேட்கிறார்களாம். நானும் அவர்களோடு சேர்ந்துவிட்டேன் என்று நினைக்கிறாள். நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள்?"

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. மேகன் அனுப்பிய மூலப் படத்தைத் திறந்து, கன்னத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். மையாக இருந்தால் பூனை முடியின்மேல் அப்பியிருக்கும். இங்கே கருப்புக்குள்ளிருந்தே முடி முளைத்திருந்தது. மச்சம்தான். பார்க்கத் தெரிந்த எந்தக் கண்ணுக்கும் அது மச்சம்தான். மணிக்கட்டு மடிப்பைப் பார்த்த கண் இதைப் பார்க்கவில்லை.

மலர்விழியை அழைத்தாள்.

"சாஃப்ட்வேர் தானா எடுத்துருச்சுன்னு சொல்லிடு. இப்ப எல்லாம் ஏஐதான? அதுமேல பழியப் போடு. எல்லாரும் அதான் பண்றாங்க. ஸ்டார் முக்கியம்டி, அதைக் காப்பாத்திக்க" என்றாள் மலர்விழி.

"பொய்தான அது?"

"நீ மட்டும் உண்மையச் சொல்லி என்னத்தைக் கிழிக்கப்போற? மை வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்னு சொன்னா, எந்தக் காட்டுல இருந்து வந்திருக்கான்னு சிரிப்பா."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படத்தைத் திருத்துவது பெரிய காரியமில்லை. அழிப்பதை, மூலப் படத்தின்மேல் கண்ணாடித் தாள்போல் விரிக்கும் தனி லேயரில் செய்வது அவள் வழக்கம். அதை அணைத்தால் மச்சம் திரும்பி வந்துவிடும். என்ன சொல்வது என்பதுதான் கல்லாக நின்றது. பொய் கைக்கெட்டும் தூரத்தில், சுத்தமாக, மடித்து வைத்த துண்டுபோல இருந்தது. எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அவளை உறுத்தியது வேறு. காட்டிலிருந்து வந்தவள் என்று சிரிப்பார்களே என்பதுகூட இல்லை. அந்தப் பொட்டைப் பார்த்த நிமிஷத்தில் அவளுக்கு வந்த சந்தோஷம் எப்பேர்ப்பட்டது! யாரோ ஒரு முகம் தெரியாதவளோடு கை கோத்துக்கொண்டதுபோல. அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் பார்க்காமல் போனாள். உலகத்தையே தன் வீட்டு அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு, அதற்குப் போய் உலகம் பெரிதாகிவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறாள். பாட்டு வேறு பாடினாள். பார்த்தாயா, பாடினாய் அல்லவா, கண் பட்டுவிட்டது என்று உள்ளே பழைய குரல் ஒன்று சொன்னது. அதை நம்பிவிட்டால் எவ்வளவு சௌகரியம்! தப்பு அவளுடையது இல்லை என்று ஆகிவிடும்.

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்ன சாமி பண்றே?" சௌந்திரம் தலைச்சும்மாட்டோடு வாசலில் நின்றாள். "அட, எதுக்கு அழுகறே?"

தனப்பிரியாவால் வெங்காயத்தைச் சாக்குச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தளம், விண்ணப்பம், மேகன், எல்சி, பொட்டு, மச்சம். சௌந்திரத்துக்குப் பாதி புரிந்ததோ இல்லையோ, ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது.

"வேலை கெடைச்சு எத்தனை நாளாச்சு?"

"இந்த வாரந்தாங்க."

"தமிழுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"எனக்கு மட்டும் சொல்லலை."

"அமையட்டும்னு இருந்தேனுங்க அத்தை. முன்னாலயே சொன்னா..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

"சொன்னா? எங்கண்ணு பட்டுருமாக்கும்?" சௌந்திரம் சும்மாட்டை உதறினாள். "நல்லா இருக்குது கதை. ஒரே உலையில சோறு பொங்கித் திங்கறோம். நா என்ன உனக்குக் கண்ணு போடறவளா?"

தனப்பிரியாவுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஒளித்து ஒளித்து வைத்தாளே, யாரிடமிருந்து ஒளித்தோம் என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. கண் என்றால் ஊரில் எங்கேயோ பெயரில்லாமல் இருக்கும் கண் என்றுதான் நினைத்திருந்தாள். அது எதிரே உட்கார்ந்து வெங்காயம் அறுக்கிற, காய்ச்சலா என்று கேட்கிற இந்தக் கண்ணாக இருந்திருக்கிறது.

"தப்புதானுங்க அத்தை" என்றாள்.

"செரி, உடு. அந்தப் புள்ளையக் காட்டு, பாப்போம்."

திரையைத் திருப்பினாள். சௌந்திரம் குனிந்து பார்த்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அடடா, வெண்ணெய உருட்டி வெச்சாப்புல இருக்குது! எங்கண்ணே பட்டுரும் போல! இதென்ன இது, பொட்டுதான?"

"அதாங்க மச்சம்!"

"பொய் சொல்லாத. பொட்டாட்டமே இருக்குது."

தனப்பிரியாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தமிழரசு அழைத்தான். மலர்விழி அவனிடமும் சொல்லியிருக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டாள். மில் இரைச்சலுக்கு மேலாகக் கத்தினான்.

"என்னம்மிணி பண்ணிப்போட்ட? ஊரெல்லாம் புள்ளைக்கு மை வெக்கறாங்க. அந்தப் புள்ளைக்குச் சாமியே மை வெச்சு அனுப்பியிருக்குது. நீ மெனக்கெட்டு ஒக்காந்து அழிச்சிருக்கறே!"

சௌந்திரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தனப்பிரியா சிரிக்கவில்லை. அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள். என்ன எழுத வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

லேயரை அணைத்து, ஒவ்வொரு படத்திலும் மச்சம் வந்துவிட்டதா என்று பெரிதாக்கிச் சரிபார்த்து, படங்களை அனுப்பினாள். பிறகு எழுதினாள். எழுதி, மூச்சு விட்டு, எழுதினாள்.

"தப்பு என்னுடையது. சாஃப்ட்வேர் செய்யவில்லை, நான்தான் செய்தேன். அதை மச்சம் என்று நான் நினைக்கவே இல்லை. எங்கள் ஊரில் அழகாக இருக்கும் குழந்தைக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்று, அம்மாக்கள் தினமும் கன்னத்தில் மையால் கருப்புப் பொட்டு வைப்போம். எல்சியின் அம்மாவும் அப்படி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ரொம்பச் சந்தோஷமாகிவிட்டது. சந்தோஷத்தில் சரியாகப் பார்க்காமல் விட்டேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும். விஷயம் தெரிந்ததும் என் கணவர் சொன்னார், நாங்கள் தினமும் வைக்கிற பொட்டை எல்சிக்குக் கடவுளே வைத்து அனுப்பியிருக்கிறார் என்று."

அனுப்பும் முன் நிறுத்தினாள். பாப்பாவின் படம் ஒன்றைச் சேர்த்தால் மேகனுக்கு ஒரு நொடியில் விளங்கும். ஆனால் பாப்பாவின் முகத்தை அவள் வெளியே எங்கும் காட்டியதே இல்லை. போன் ஸ்டேட்டஸில்கூட வைத்ததில்லை.

"அத்தை, பாப்பா போட்டோவை அவியளுக்கு அனுப்பட்டுங்களா? முன்னப்பின்ன தெரியாதவங்க..."

சௌந்திரம் யோசித்தாள். "பொட்டு வெச்ச போட்டோ தான?"

"ஆமாங்க."

"பொறவென்ன? பொட்டு எதுக்கு வெச்சிருக்குது? நாலு பேரு பாக்கறதுக்குத்தான வெக்கறோம். ஊட்டுக்குள்ளயே வெச்சுப் பூட்டறதுன்னா பொட்டு எதுக்கு? அனுப்பு, அனுப்பு."

தனப்பிரியா மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷமாக அந்தப் பொட்டை அவள் தினமும் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஒளித்து வைப்பதற்கு என்றுதான் நினைத்திருந்தாள். துணிந்து வெளியே அனுப்புவதற்கு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு உலை வைத்தாள், அரிசி களைந்தாள், களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். போனை அடுப்புத் திண்டில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதைப் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே காட்டிக்கொண்டாள். சௌந்திரம் காட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. சும்மா நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, "வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இல்லீங்க." கொஞ்ச நேரம் கழித்து, "வந்துருச்சா?" 

சோறு கொதிக்கும்போது வந்தது.

மேகன், எல்சியின் அம்மா எழுதியதை அப்படியே ஒட்டி அனுப்பியிருந்தாள். "தனாவின் கடிதத்தைப் படித்தேன். மறுபடி அழுதேன், இது வேறு அழுகை. இங்கே எல்லோரும் இதை எப்போது எடுப்பாய் என்கிறார்கள். அங்கே இதை நீங்களே வரைகிறீர்களா? தினமுமா? வேண்டுமென்றா? குளித்தால் போய்விடுமே, அப்புறம் மறுபடி வரைவீர்களா? அந்தச் சிறுமி எவ்வளவு அழகு! அவளுடையது எல்சியுடையதைவிடக் கொஞ்சம் பெரிது என்று சொல்லுங்கள். கன்னம் நன்றாகத் தெரியும் அந்த நான்காவது படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டப்போகிறேன். யாராவது எப்போது எடுப்பாய் என்று கேட்டால், உங்கள் குழந்தைக்கு ஏன் வைக்கவில்லை என்று கேட்பேன்."

தனப்பிரியா தமிழில் சொல்லச் சொல்ல, சௌந்திரம் "அப்பிடிக் கேக்கோணும்! நல்ல வாயி, பொழைச்சுக்குவா" என்று தொடையில் தட்டினாள்.

அதற்குக் கீழே மேகனின் மதிப்புரை. நட்சத்திரங்களைப் பார்க்கும் முன் தனப்பிரியா கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். நான்கு. ஐந்தாவது காலியாக இருந்தது. "அருமையான கை. நேர்மையான மனுஷி. ஒன்று குறைத்தது, என்னைக் கேட்காமல் முடிவு செய்ததற்காக" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதியிருந்தாள். தனியாக இன்னொரு செய்தி. "அடுத்த குழந்தையின் படங்களை அனுப்பியிருக்கிறேன். இனி வாரா வாரம் வரும். சந்தேகம் வந்தால் கேளுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள்."

நான்குதான். காலியாக நின்ற அந்த ஒன்று கொஞ்சம் குத்தியது. குத்தியபடியே அது தனக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்றும் பட்டது. அது யார் கண்ணாலும் வந்ததில்லை, அவள் பார்க்காமல் விட்டதால் வந்தது. அப்படி நினைத்தபோது விசித்திரமாக ஒரு தெம்பு வந்தது. பார்க்காமல் விட்டதைப் பார்த்துக்கொள்ளலாம். கேட்காமல் விட்டதைக் கேட்டுக்கொள்ளலாம்.

சோற்றை வடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். புதுக் குழந்தை ஓர் ஆண். பெயர் ஃபின். கோபக்கார முகம். மில் மேனேஜர் லோடு குறைகிறது என்று முறைப்பதுபோல முறைத்துக்கொண்டிருந்தான். தாடை நடுவில் ஒரு பள்ளம். விரல் வைத்து அழுத்திய மாதிரி. தலையணைத் தையல் அழுந்தியதா, பிறவியிலேயே இருப்பதா? நேற்றைய தனப்பிரியாவாக இருந்தால் இந்நேரம் ஏதோ ஒன்றை முடிவு செய்திருப்பாள். அவள் தட்டெழுதினாள். "ஃபின்னின் தாடையில் உள்ள பள்ளம் அவனுடையதா, தலையணையுடையதா?"

வெளியே சௌந்திரத்தின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுச் செல்லியம்மாளிடம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி:

"ஏனுங் அக்கா, சேதி தெரியுமா? எம்மருமகளுக்கு நியூசிலாந்துல வேலைங்! ஆமாங், ஊட்டுல இருந்துக்கிட்டேதான்! வெள்ளைக்காரி எழுதியே குடுத்துட்டா, நல்ல கையின்னு! நாலு நச்சத்திரமுங்!"

தனப்பிரியா பதறி எழுந்தாள். அத்தையின் வாயை மூட வேண்டும், மெதுவாங்க என்று சொல்ல வேண்டும். அடுக்களையைத் தாண்டி நிலைப்படி வரைக்கும் போய்விட்டாள்.

"நாலா? எத்தனைக்கு நாலு?" என்று செல்லியம்மாள் கேட்டாள்.

சௌந்திரம் வீட்டுப்பக்கம் திரும்பி, "தனா, எத்தனைக்குச் சாமி?" என்று கத்தினாள்.

உள்ளே லேப்டாப் மணி அடித்தது. மேகன் பதில் போட்டுவிட்டாள்.

"அஞ்சுக்குங்க அத்தை! ஒண்ணு நாந்தான் உட்டுப்போட்டேன்!" என்று தனப்பிரியாவும் தெருவுக்குக் கேட்கக் கத்திவிட்டு, பதிலைப் படிக்க உள்ளே ஓடினாள்.

"அது அவனுடையதேதான். அவன் தாத்தாவுக்கும் இருக்கிறது" என்று எழுதியிருந்தது.